ஓர் ஓட்டுநரின் உண்மைக் கதை

என் அத்தானுக்கும் தூக்கத்துக்கும் எந்தத் தகராறும் கிடையாது. இரவு ஒன்பது மணிக்குத் தலையணையில் தலை சாய்த்தால், அதிகாலை மூன்றரைக்கு அலாரம் அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது தானாகவே எழுந்துவிடுவார். நடுவில் கூரை பெயர்ந்து விழுந்தால் அதை அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினொரு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பிள்ளைகள் எல்லோரும் அவரை 'வண்டி மாமா' என்பார்கள். அவர் மகளும் அதே வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள். வண்டிக்குள் இருக்கும்வரை அவளும் வண்டி மாமா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். வருடத்துக்கு ஒரு தடவை அத்தானின் கண்ணைச் சோதித்துச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அவருடைய கண்களைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் தகுதியுள்ள ஒரே ஆள் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தலைக்கனம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்காவது நிறுத்தத்தில், பல் டாக்டர் அம்மா தன் மகளை வண்டியில் ஏற்ற மறுத்துவிட்டார். அத்தான் காரணம் கேட்டதும் கைபேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறார். 'சந்தடி'யில் ஒரு விளம்பரம். சந்தடி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. நாம் எல்லோரும் அதில்தான் குடியிருக்கிறோம், குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் வெளியே வருகிறோம். விளம்பரத்தில் அத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. கீழே கொட்டை எழுத்தில், 'ஓட்டும்போது கண் சொக்குகிறதா? எனக்கும் அப்படித்தான். இரவில் நன்றாகத் தூங்கச் சுகத்துயில் மாத்திரை.' அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'உங்கள் பகுதியில் வசிக்கும் ஓர் ஓட்டுநரின் உண்மைக் கதை.'

அன்று சாயங்காலம் அந்தப் படத்தை அக்கா என்னிடம் காட்டினாள். அது நான் எடுத்த படம். போன மாதம் அக்கா மகளின் பிறந்தநாளில், கேக் வெட்டும்போது பிளாஷ் அடித்ததும் அத்தான் கண்ணை மூடிவிட்டார். அழித்திருக்கலாம். நான் அழிக்கவில்லை. 'எங்க அத்தான் எப்பவுமே இப்படித்தான்' என்று எழுதி, பக்கத்தில் நாலு சிரிப்பு முகங்களையும் வைத்து, சந்தடியில் போட்டேன். குடும்பத்தில் பதினேழு பேர் சிரித்தார்கள். பதினெட்டாவதாகச் சந்தடியின் எந்திரம் படித்திருக்கிறது, அது சிரிக்கவில்லை. மச்சான் கைப்பட எழுதிய வாக்குமூலமாக அதை எடுத்துக்கொண்டது. கேக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டியரிங்கைச் செருகியிருந்தது. வேலை சுத்தமாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படத்தின் மூலையில் 'இந்த விளம்பரத்தில் நான் ஏன்?' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினோம். பதில் உடனே வந்தது, மிக மரியாதையாக. ஐயா தினமும் அதிகாலை மூன்றரை மணிக்குக் கைபேசியைத் தொடுகிறார். ஐயா சென்ற வாரம் கழுத்து வலிக்கான தலையணை தேடினார். ஐயாவின் கைபேசி தினமும் பகல் பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அசையாமல் இருக்கிறது. ஐயாவின் உறவினர் ஒருவர் ஐயா எப்போதுமே இப்படித்தான் என்று உறுதி செய்திருக்கிறார். ஆகவே ஐயா இரவில் தூங்குவதில்லை, பகலில் வண்டியில் தூங்குகிறார்.

மூன்றரைக்கு எழுவது வேலைக்காக. தலையணை தேடியது அக்காவின் கழுத்துக்காக. பகலில் வண்டியைப் பள்ளி வளாகத்து மர நிழலில் நிறுத்திவிட்டு, கைபேசியை இருக்கையிலேயே போட்டுவிட்டு, மற்ற ஓட்டுநர்களோடு கேரம் ஆடப் போய்விடுவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எந்திரத்தின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதற்கு அத்தானைத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

மறுநாள் பள்ளியின் போக்குவரத்துக் கண்காணிப்பாளர் அத்தானைக் கூப்பிட்டனுப்பினார். முப்பத்தொரு பெற்றோர்கள் புகார் எழுதியிருந்தார்கள். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. பதினொரு வருடமும் அவர்தான் அத்தானுக்கு மேலாளர், வருடா வருடம் நற்சான்று எழுதியவரும் அவர்தான். நான் கொடுத்த கண் சான்றிதழை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆனா இது உங்க மச்சான் குடுத்த பேப்பரு. அது இத்தனை லட்சம் பேரு பாத்த படம். எதை நான் பெற்றோர்கிட்ட காட்டுறது?"

முப்பது நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் விளம்பரத்தை நீக்கிவிட்டு வந்தால் வண்டி. இல்லாவிட்டால் வேறு ஓட்டுநர். அதுவரை சாவியைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் ஓட்டிவரும் வண்டிகளைக் கழுவ வேண்டும். அத்தான் சாவியைக் கொடுத்துவிட்டு வாளியை வாங்கிக்கொண்டார். அன்று மகளை வேறொரு ஓட்டுநர் ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் கேட்டாள், "அப்பா, நீங்க நிஜமா வண்டியில தூங்குவீங்களா?" கேட்டது கேலிக்காக அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை. எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது.

படத்தை நான் முதல் நாளே அழித்துவிட்டேன். அழித்ததும் சந்தடியிலிருந்து நன்றி தெரிவித்து ஒரு செய்தி வந்தது: 'படம் இனி உங்கள் கண்ணில் படாது.'

புகார் கொடுக்கச் சந்தடிக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. அதில் 'தோழி' என்ற பெயரில் ஓர் எந்திரம் பேசும். எழுதிய உடனே பதில், எந்த நேரமும் அன்பு. அத்தானின் மனவேதனை தனக்கும் புரிகிறது என்றது. விளம்பரத்தை நீக்குவது மிகச் சுலபம், அதில் இருப்பவர் தாங்கள்தான் என்று நிரூபித்தால் போதும் என்றது. எங்களுக்கு உயிர் வந்தது. நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு அத்தானை உட்காரவைத்தேன். தோழி சொல்லச் சொல்ல அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார், சிரித்தார், முகத்தைச் சுளித்தார். கண்களை மெதுவாக மூடித் திறக்கச் சொன்னது. தலையைத் தோளில் சாய்த்துச் சட்டென்று நிமிரச் சொன்னது. கடைசியில் குரலைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தது. பூங்கா, பறவைகள், நல்ல காற்று என்று ஏதோ எழுதியிருந்தது. அத்தான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தார்.

அதற்கு இரண்டாம் நாள் விளம்பரம் அசைய ஆரம்பித்தது. அத்தானின் கண் மெதுவாக மூடியது, தலை தோளில் சாய்ந்தது, சட்டென்று நிமிர்ந்தது. நிமிர்ந்த கையோடு அவர் நம்மைப் பார்த்து, அவருடைய குரலிலேயே, "எத்தனையோ பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவன் நான். என்னை மாதிரி நீங்களும் ஏமாந்துடாதீங்க" என்றார். உருக்கமாகத்தான் இருந்தது. நானே ஒரு கணம் அந்த ஆளுக்காகப் பரிதாபப்பட்டேன்.

தோழியிடம் முறையிட்டோம். நீக்கக் கேட்டால் மெருகேற்றுகிறீர்களே என்று நான் கொஞ்சம் சூடாகவே எழுதினேன். அது பொறுமையாக விளக்கியது. சரிபார்ப்புக்குத் தந்த மாதிரிகளைச் 'சேவையின் தரத்தை உயர்த்தப்' பயன்படுத்தலாம் என்று ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். எப்போது ஒப்புக்கொண்டார் என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபோது, என்றது.

இதோடு போகவில்லை. ஒவ்வொரு புகாருக்கும் விளம்பரம் இன்னும் நிறையப் பேரைச் சென்றடைந்தது. ஒரு விளம்பரத்தைப் பற்றி ஒருவர் திரும்பத் திரும்ப எழுதினால் அது அவர் மனத்தை ஆழமாகத் தொட்டிருக்கிறது என்று பொருளாம். வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் புதுப்புது விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. அத்தானுக்கு வண்டி கழுவும் சோப்பு. எனக்குக் 'குற்ற உணர்ச்சியிலிருந்து விடுபட ஏழு நாள் பயிற்சி'. அக்காவுக்கு வந்ததுதான் மோசம். 'கணவர் தூங்குவதில்லையா? காரணம் நீங்கள் நினைப்பது அல்ல' என்று ஒரு துப்பறியும் நிறுவனம் கூப்பிட்டது. அக்கா அதை நம்பவில்லை. ஆனாலும் இரண்டு நாள் அத்தானுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்தாம் நாள் நேரிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். சந்தடிக்கு ஊருக்கு ஊர் 'தனியுரிமை நல மையம்' உண்டு. எங்கள் ஊரில் அது பதினாறு மாடிக் கட்டடம், தரை முதல் கூரை வரை முழுக்கக் கண்ணாடி. வாசலில் எங்கள் கைரேகையை எடுத்தார்கள், நடையைப் படம் பிடித்தார்கள், நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் எங்களைச் சந்தித்த அதிகாரியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் கறுப்பு மையால் மூடப்பட்டிருந்தது, முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. தங்கள் ஊழியர்களின் அந்தரங்கத்தை அவர்கள் அந்த அளவுக்கு மதிக்கிறார்கள்.

நல்ல மனிதர், பேச்சில் தேன் ஒழுகியது. அத்தான் தன் நிலைமையைச் சொல்லி, வேலை போய்விடும் ஐயா என்று கையைப் பிசைந்தார். அதிகாரி தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, நாங்கள் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது போல, மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்க அந்தரங்கம் எங்ககிட்ட பத்திரமா இருக்குங்க. உங்ககிட்ட இருந்ததை விடப் பத்திரமா இருக்கு. நீங்க எதை எங்க வச்சோம்னு மறந்துடுவீங்க, நாங்க மறக்கவே மாட்டோம். யாருக்கும் குடுக்கவும் மாட்டோம். வியாபாரிங்க வந்து, தூக்கம் வராத ஆளு யாரு, காட்டுங்கன்னு கெஞ்சுவாங்க. முடியவே முடியாதுன்னுடுவோம். சரக்கை எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க, அவங்க வீட்டுக்குள்ள நாங்களே கொண்டு போய் வச்சிடுறோம்னு சொல்லுவோம். பெத்தவங்க கூட உங்களை இப்படிப் பாதுகாத்திருக்க மாட்டாங்க."

அத்தான் தயங்கித் தயங்கி, அது சரி, அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அதிகாரியின் முகம் வாடியது. அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்பதைப் பற்றிப் பேசுவதே அவருடைய தனியுரிமையை மீறுவதாகும் என்றார்.

"அவரு நான்தாங்க."

"அதை நீங்க சொல்றீங்க. அவரு சொல்லலையே."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அதிகாரி கணினியைப் பார்த்தார். படத்தில் இருப்பவர் எந்திரம் உருவாக்கிய செயற்கை நபர் என்றும், அவருக்குத் தனிப் பதிவு எண் இருக்கிறது என்றும், அவர் இதுவரை எந்தப் புகாரும் கொடுக்கவில்லை என்றும் கணினி சொன்னது. இருந்தாலும் உதவி செய்யும் நோக்கத்தோடு, அத்தானின் முகத்தை இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரி முன்வந்தார். தோழி சரிபார்த்த அன்று நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொருத்தம் காட்டிய முகம் இப்போது எழுபத்தொன்றுதான் காட்டியது. காரணம் எளிது. பத்து நாள் கவலையில் அத்தானின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, தாடி வளர்ந்திருந்தது. விளம்பரத்தில் இருந்தவர் தினமும் மெருகேறிக் கொழுகொழுவென்று இருந்தார். அத்தானாக இருப்பதில் அவர் அத்தானையே முந்திவிட்டார்.

எந்திரத்திடம் ஏன் இப்படி முடிவு செய்தாய் என்று கேட்க முடியாதா என்று நான் கேட்டேன். அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது எப்படி யோசிக்கிறது என்பது வெளியே சொல்லக்கூடாத விஷயம், அதன் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்க நிறுவனத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை என்றார். வேண்டுமானால் 'மேற்பார்வைப் பேரவை'க்கு மனுப் போடலாம். மனு எழுதும் தாளை அவரே எடுத்துக் கொடுத்தார். அதில் நாங்கள் இதுவரை வெளியே சொல்லியிராத மூன்று விஷயங்களை எழுத வேண்டிய கட்டம் ஒன்று இருந்தது. அத்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். சின்ன வயதில் ஒரு தடவை பரீட்சையில் பார்த்து எழுதியதையும், அக்காவுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பதையும் எழுதினார். மூன்றாவதாக என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை.

அன்று மாலைக்குள் அக்காவின் கைபேசியில் சிகரெட்டை நிறுத்தும் மருந்துக்கு விளம்பரம் வந்துவிட்டது.

பேரவை கூடிய நாள் இருபத்தைந்தாவது நாள். ஒரு பெரிய ஓட்டலின் மாநாட்டு மண்டபத்தில் கூடியது. மேடையில் ஐந்து நாற்காலிகள். ஒருவர் முன்னாள் விளம்பர அதிபர். ஒருவர் சந்தடிக்கு எந்திரம் செய்து கொடுத்தவர். ஒருவர் சட்ட அறிஞர், சந்தடியின் சட்டங்களை எழுதியவர். நடுவில் தலைவர். ஐந்தாவது நாற்காலியில் 'பயனாளர்களின் பிரதிநிதி' என்று எழுதி ஒரு திரையை நிறுத்தியிருந்தார்கள். பயனாளர்களைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரிந்தது எந்திரத்துக்குத்தான் என்பதால் அவர்கள் சார்பில் அதையே உறுப்பினராக்கியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார்.

அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சொல்ல வேண்டியதை வீட்டில் மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தார். பேச ஒன்றரை நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு அந்த வியாதி இல்லை, நான் வண்டியில் தூங்கியதே இல்லை, என் பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்றார். கண்ணீர் வழிந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதி வைத்திருந்ததைப் படித்தார்.

"ஐயாவின் கண்ணீரை இந்தப் பேரவை வணங்குகிறது. அதன் ஈரம், வெப்பம், வேகம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன, வீணாகாது. ஆனால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் எந்திரம் மனிதர்களைத் தவறாக மதிப்பிடுவதில்லை. சில நேரங்களில் மனிதர்கள் அதன் மதிப்பீட்டுக்கு வந்து சேரத் தாமதமாகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை எங்களுக்கு உண்டு."

கைதட்டினார்கள். தட்டாதவர்களை மண்டபத்து கேமரா திரும்பிப் பார்த்ததால் நானும் தட்டினேன். பயனாளர்களின் பிரதிநிதியான திரை, 'பயனாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்று காட்டியது.

பிறகு தீர்ப்பு. விளம்பரத்தை நீக்க முடியாது. அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, நீக்கினால் இத்தனை லட்சம் மக்களின் பார்க்கும் உரிமை பறிபோகும். ஆனால் விளம்பரத்தை மாற்றலாம். அத்தான் சம்மதித்தால் பழைய படத்துக்குப் பதிலாக அடுத்த படம் வெளிவரும். அதில் அவர் சுகத்துயில் சாப்பிட்டுக் குணமாகி, கண் பளபளக்க வண்டி ஓட்டுவார். பார்க்கும் பெற்றோர்கள் நிம்மதியடைவார்கள். பள்ளிக்குப் பேரவையே கடிதம் எழுதும். அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு கையெழுத்து: 'எனக்கு அந்த நோய் இருந்தது. சுகத்துயில் என்னைக் குணப்படுத்தியது.'

அத்தான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். ஓட்டல் வாசலில் நின்று, "இல்லாத வியாதி போச்சுன்னு எப்படிடா எழுதிக் குடுக்கிறது, மச்சான்?" என்று கேட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் வரை பிடிவாதமாக வாளியோடு இருந்தார். அதற்குள் பள்ளியில் புது ஓட்டுநருக்குச் சட்டை தைக்க அளவெடுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. அக்கா அவரை வற்புறுத்தவில்லை. பேரவை வீட்டுக்கு அனுப்பியிருந்த தாளை மேசைமேல் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்துவிட்டு, அடுக்களைக்குப் போய்விட்டாள். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பதினொரு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கலாம். அதை அவரைச் சொல்லவைத்தவன் நான். இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கத் தயார், ஆனால் அதற்குக் கட்டம் எந்தத் தாளிலும் இல்லை.

புதுப் படம் வந்தது. பெற்றோர்கள் மகிழ்ந்தார்கள். பல் டாக்டர் அம்மா அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, துணிச்சலாக வெளியில் சொன்னதற்காகப் பாராட்டினாராம். திங்கட்கிழமை அதிகாலை அத்தான் சாவி வாங்கப் போனார். கண்காணிப்பாளர் சாவியை ஒரு கையிலும், ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேசைமேல் சுகத்துயில் டப்பா இருந்தது. ஒரு வருடத்துக்கு வேண்டிய மாத்திரைகளைக் கம்பெனியே இலவசமாக அனுப்பி வைத்திருந்தது.

குணமான ஓட்டுநர் மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறாரா என்று பள்ளி உறுதி செய்ய வேண்டும், அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது, தினமும் மாத்திரை கண்ணெதிரே விழுங்கப்பட வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். அத்தான் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். இரவு படுக்கும் முன் ஒன்று என்று தெளிவாக அச்சடித்திருந்தது. கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, உண்மையான கூச்சத்தோடு சொன்னார்.

"ராத்திரி நீங்க படுக்கிற ரூமுக்குள்ள நான் வந்து நின்னு பாக்க முடியுங்களா? அது உங்க தனியுரிமை இல்லையா? அதனாலதான் காலையில, இங்கயே."

எனக்கு வியாதியே இல்லை, இருந்ததும் இல்லை என்று அத்தான் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். குணமானவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அப்படிச் சொல்லி மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து என்று பேரவையின் கடிதத்தில் தனிப் பத்தியே இருந்தது. கண்காணிப்பாளர் அந்தப் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினார். அத்தான் விழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னதும் காட்டினார். நேரம் ஐந்தரை.

முதல் நாள் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பிள்ளைகளை உரக்கப் பாடச் சொல்லி, தானும் பாடிக்கொண்டே போயிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். வண்டி மாமா குணமாகி வந்ததும் கலகலப்பாகிவிட்டார் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் என் கடைக்கு வந்தார். கண்ணைப் பரிசோதித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கண்கள் எனக்குப் பயத்தைக் கொடுத்தன. நாளைக்கு லீவு போடுங்கள் என்றேன். முப்பது நாளுக்குப் பிறகு வண்டியைத் தொட்டிருக்கிறேன், இரண்டாம் நாளே லீவு கேட்டால் என்ன நினைப்பார்கள் என்றார்.

இரண்டாம் நாள் நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழாவது நிறுத்தம் தாண்டி, மேம்பாலத்தில் ஏறப்போகும்போது, எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த கணம் லாரியே இல்லை. எங்கே போயிற்று என்று அவருக்குப் புரியவில்லை. அது அவரைக் கடந்து போய்விட்டிருந்தது. நடுவில் சில நொடிகள் அவரிடம் இல்லை. வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார், கை பிரேக்கை இழுத்தார், எச்சரிக்கை விளக்கைப் போட்டார். பின்னால் பிள்ளைகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார்.

"சார், எனக்குத் தூக்கம் வருது. என்னால ஓட்ட முடியாது. வேற வண்டி அனுப்புங்க."

வேறு வண்டி வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். வண்டி வந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணி இறக்கி, சாலையோரமாகவே நடத்திக்கொண்டுபோய், மறுபடியும் எண்ணி ஏற்றினார். முப்பத்தெட்டு. கடைசியாக ஏறியவள் அவர் மகள். ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்காணிப்பாளரும் அந்த வண்டியில்தான் வந்திருந்தார். கோபப்படவில்லை. அத்தானின் தோளில் கை வைத்து, வருத்தத்தோடுதான் சொன்னார்.

"இதைத்தானே அந்த விளம்பரத்துல முதல் நாளே சொன்னீங்க. நாங்கதான் உங்களை நம்பாம போயிட்டோம்."

சாவிக்காகக் கையை நீட்டினார். அத்தான் கொடுத்தார். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு வார்த்தையாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது.